பழைய டிராக்டரை ஏலத்துக்கு விடுமுன் செய்ய வேண்டியவை

ஏல யார்டில் ஒரு டிராக்டரைப் பார்க்க வருபவருக்குக் கிடைப்பது மிஞ்சிப்போனால் கால் மணி நேரம். வயலில் இறக்கி உழுது பார்க்க முடியாது. "எங்கே எப்படி இருக்கிறதோ அங்கே அப்படியே" என்ற நிபந்தனைக்குச் சம்மதித்துத்தான் விலை கேட்கிறார். எடுத்த மறுநாள் கியர் பாக்ஸ் கத்தினால் அது அவர் பாடு. அதனால் கண்ணில் பட்ட பழுதுக்குக் கழிப்பதைவிட, உள்ளே என்ன இருக்குமோ என்ற பயத்துக்குத்தான் அவர் அதிகம் கழிப்பார். செல்ஃப் எடுக்காத வண்டியைப் பார்த்தால் பேட்டரி விலையை மட்டும் கழித்துவிட்டுப் போகமாட்டார், எஞ்சின் வேலைக்கு ஆகும் தொகையைக் கழிப்பார். விற்பவர் செய்யும் ஒவ்வொரு வேலையும் இப்படி ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். தீர்க்காத வேலைக்குப் போடும் காசு திரும்பி வராது.

இங்கே சொல்வது தமிழ்நாட்டில் அதிகம் கைமாறும் 35 முதல் 50 எச்.பி. வரையிலான பழைய வண்டிகளை மனதில் வைத்து: மாஸி 1035, 241, மஹிந்திரா 475, 575, ஸ்வராஜ் 735 போன்றவை, 10 முதல் 25 வருஷம் ஓடியவை.

முதலில் காகிதம்

வண்டியைக் கழுவுவதற்கு முன்பே ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். மெக்கானிக் வேலை இரண்டு நாளில் முடியும், காகித வேலைக்குச் சில வாரம் பிடிக்கும். பரிவாகன் என்ற மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பதிவு நிற்கிறதா, அபராதம் பாக்கி உள்ளதா என்று பாருங்கள். கையில் இருக்கும் புத்தகம் ஒன்று சொல்லும், தளம் வேறொன்று சொல்லும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செல்லுபடியாவது தளத்தில் இருப்பதுதான்.

பெரும்பாலான வண்டிகள் சிக்குவது கடன் பதிவில். வங்கியில் கடைசித் தவணையைக் கட்டிப் பல வருஷம் ஆகியிருக்கும், ஆனால் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் அப்படியே நிற்கும். வங்கியிடம் தடையில்லாக் கடிதமும், வங்கி முத்திரையும் கையொப்பமும் வைத்த படிவம் 35-ம் வாங்கி, நீங்களும் கையெழுத்திட்டு ஆர்.டி.ஓ.வில் கொடுத்து நீக்க வேண்டும். கடன் கொடுத்த கிளை வேறு கிளையோடு இணைந்திருந்தாலோ, வங்கியே வேறு வங்கியோடு சேர்ந்திருந்தாலோ பழைய கணக்கைத் தேடி எடுக்கவே நாளாகும். டிராக்டர் கடனுக்கு நிலத்தையும் அடமானம் வைத்திருந்தால் அது தனி வேலை. வண்டி விற்பனைக்கு அது தடையில்லை, ஆனால் வங்கிக்குப் போன கையோடு அதையும் கேட்டுவிடுங்கள்.

பதிவு 15 வருஷத்துக்கு. அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. பதிவு முடிந்த வண்டியும் ஏலத்தில் போகும், ஆனால் அதை எடுப்பவர் பெரும்பாலும் உதிரிபாகத்துக்கு உடைப்பவர். உழவுக்கு எடுப்பவர் புதுப்பித்த பதிவுக்குக் கூடுதல் விலை கொடுப்பார். ஓடும் நிலையில் இருக்கும் வண்டிக்குப் புதுப்பிப்புச் செலவு பொதுவாகக் கட்டுப்படியாகும். எஞ்சின் சீஸ் ஆன, அதாவது சுற்றாமல் இறுகிப்போன வண்டிக்குக் கட்டாது.

எஞ்சின் எண்ணையும் சேஸ் எண்ணையும் வண்டியில் நேரில் தேடிப் பிடித்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். எண்ணின் மேல் தாளை வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது எண் தெரியாவிட்டால் விற்பனை அங்கேயே நின்றுவிடும். கிரீஸும் பெயிண்டும் மூடியிருந்தால் தின்னர் நனைத்த துணியால் துடைக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எண்ணைச் சுரண்டியது போலத் தெரிந்தால் வேறு கதையாகிவிடும். எப்போதோ எஞ்சின் பிளாக் மாற்றியிருந்தால் எண் பொருந்தாது. அதை ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்யாமல் ஏலத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.

வண்டி இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். மானியத்தில் வாங்கிய வண்டி என்றால் இத்தனை வருஷம் விற்கக் கூடாது என்ற நிபந்தனை ஒப்புதல் ஆணையில் இருக்கும், எடுத்துப் படியுங்கள். டிரெய்லர் தனிப் பதிவுள்ள தனி வண்டி, அதற்குத் தனிக் காகிதம் வேண்டும்.

சாதாரண விற்பனைக்கு, விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29-ம் பெயர் மாற்றக் கேட்கும் படிவம் 30-ம். தனியார் யார்டு ஏலத்துக்கும் இவைதான். அரசு நடத்தும் பொது ஏலத்தில் வண்டியை எடுப்பவருக்குத்தான் படிவம் 32. சில தரகர்கள் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுக்காதீர்கள்.

கழுவுவது

கழுவுவதற்கு முதல் நாள் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அடியில் முன்னிருந்து பின்வரை பழைய அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் எங்கெங்கே சொட்டியிருக்கிறது என்று வட்டம் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிய பிறகு இந்தப் படம் உதவும்.

கழுவும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடான டீசல் பம்பின் மேல் குளிர்ந்த நீர் பட்டால், உள்ளே மிக நெருக்கமாகச் சுழலும் பாகங்கள் பிடித்துக்கொள்ளும். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். சைலன்சர் வாய், ஏர் கிளீனர் வாய், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், கியர் பாக்ஸின் காற்றுத் துளை ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள். காய்ந்த சேற்றை மரக்கட்டையால் தட்டி உதிர்த்து, கிரீஸ் பிடித்த இடங்களில் இரண்டு லிட்டர் டீசலைப் பிரஷ்ஷால் தடவி இருபது நிமிடம் ஊறவிட்டு, பிறகு சோப்பு நீரும் தண்ணீரும். வாட்டர் சர்வீஸில் கழுவினால் துப்பாக்கியை ஆயில் சீல் இருக்கும் இடங்களில் இரண்டு அடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் வைத்து அடித்தால் நீர் சீலைத் தாண்டி பேரிங்குக்குள் போய்விடும்.

ரேடியேட்டரில் வைக்கோல் தூசும் களத்துத் தூசும் அப்பியிருக்கும். முன்பக்கமிருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளே போகும். ஃபேன் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில், நேராக அடிக்க வேண்டும். சாய்த்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

கழுவி முடித்த அன்றே எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடியுங்கள். முன் அச்சின் சென்டர் பின், இரண்டு பக்கக் கிங் பின், கிளட்ச் பிரேக் பெடல் தண்டு, லிஃப்ட் ராடு என்று ஒன்று விடாமல். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடித்தால் உள்ளே போன நீரும் சேர்ந்து வந்துவிடும். பிறகு எஞ்சினை இருபது நிமிடம் ஓட்டிக் காயவிடுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் எலிக்கூட்டையும் எடுத்துவிடுங்கள். எலி வயரைக் கடித்திருந்தால் அங்கேதான் தெரியும்.

எங்கே ஒழுகுகிறது

கழுவிய வண்டியை அரை மணி நேரம் ஓட்டி, மறுபடி புது அட்டையை விரித்து ஒரு இரவு நிறுத்துங்கள். இப்போது விழும் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று சரியாகத் தெரியும்.

டேப்பட் கவர் கேஸ்கட், சம்ப் போல்ட்டின் செம்பு வாஷர், டீசல் பைப் பான்ஜோ போல்ட்டின் வாஷர், தெறித்துப்போன டீசல் ஹோஸ் எல்லாம் சில நூறு ரூபாய் வேலை. மாற்றிவிடுங்கள். டீசல் ஈரத்தின் மேல் தூசு படிந்து பம்ப் முழுக்கக் கறுப்பாக இருந்தால், வாங்குபவர் பம்ப் வேலை என்று கணக்குப் போடுவார். உண்மையில் போனது ஒரு வாஷராக இருக்கும்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் கிளட்ச் பெட்டியின் அடியில் ஒரு துளையும் அதில் ஒரு பிளவு ஊசியும் இருக்கும். அந்த ஊசியை ஆட்டித் துளையின் அடைப்பை நீக்குங்கள். அங்கே சொட்டுவது கறுப்பாக, நீர்த்து இருந்தால் கிராங்க் பின்பக்க சீல் போயிருக்கிறது. கெட்டியாக, கியர் ஆயில் வாடையோடு இருந்தால் கியர் பாக்ஸ் உள்தண்டு சீல். இரண்டுக்கும் வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும். ஏலத்துக்காக அதைச் செய்யாதீர்கள். எது ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டுத் துளையில் எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆயில் கிளட்ச் பிளேட்டில் ஏறி, யார்டிலேயே கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும்.

டெல்டாவிலிருந்து வரும் வண்டி என்றால் பார்ப்பவர் நேரே பின் சக்கரத்துக்குத்தான் குனிவார். கேஜ் வீல் (சேற்றில் புதையாமலிருக்க மாட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு ஓட்டிய வண்டியில் சேறும் நீரும் அச்சு வரை நின்றிருக்கும். பின் அச்சு சீல், முன் ஹப் பேரிங், பிரேக் மூன்றும் சீக்கிரம் போகும். பின் ரிம்மின் உள்பக்கம் ஆயில் கோடு வழிந்திருந்தால் சீல் போய்விட்டது, ஆயில் பிரேக்கிலும் ஏறியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் சீலை மாற்றுவது லாபம். சேற்றுழவே ஓட்டாத, மேட்டு நிலத்து வண்டி என்றால் அதை மறக்காமல் எழுதுங்கள். அதற்கென்றே தேடுபவர்கள் உண்டு.

ஹைட்ராலிக் ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. பெரும்பாலும் கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து மழைநீர் இறங்கியிருக்கும். உறை மலிவு. முழுவதும் கலந்து வெளுத்துவிட்ட ஆயிலை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் நீர் தனியாக அடியில் தங்கியிருந்தால், இரவு முழுக்க வண்டியை அசைக்காமல் நிறுத்தி, விடியற்காலையில் ட்ரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் நீர் வரும், ஆயில் வரத் தொடங்கியதும் இறுக்கிவிடலாம். பல மாடல்களில் இந்த ஆயில் முப்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும், அதனால் மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

எஞ்சின்

அனுபவமுள்ளவர் யார்டுக்கு வந்ததும் முதலில் சைலன்சர் பைப்பின் அடியைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், அவர் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டுவார். குளிர்ந்த எஞ்சின் முதல் செல்ஃபில் எடுத்தால் அந்த ஒரு காட்சியே பாதி விற்பனை. அதற்குத் தேவையானது பேட்டரி, வயர், காற்று, டீசல்.

பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து ஒரு இரவு வைத்தபின் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி களைத்துவிட்டது. வோல்ட் நன்றாக இருந்தும் செல்ஃப் இழுக்கவில்லை என்றால் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள். எர்த் வயர் பாடியில் பிடிக்கும் இடத்தையும் பெயிண்ட் போகச் சுரண்டுங்கள். ஸ்குரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரைத் தொட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் யார்டில் கூடவே கூடாது. கியர் விழுந்திருந்தால் வண்டி நிற்பவர் மேலேயே ஏறும். சாவி சுவிட்சை மாற்ற ஆகும் செலவு சொற்பம்.

பழைய வண்டிகளில் ஏர் கிளீனர் ஆயில் குளியல் வகை. அடிக் கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றைக் கொட்டி, டீசலில் கழுவி, குறிக்கோடு வரை மட்டும் எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி நீலப்புகை விடும். அளவு மீறினால் அணைக்க முடியாதபடி வேகமெடுத்து ஓடவும் கூடும். நல்ல எஞ்சினை "பிஸ்டன் போச்சு" என்று காட்டிக்கொடுக்க இந்த ஒரு தவறு போதும்.

டீசல் டேங்கின் அடியில் இருக்கும் கசடை வடித்து, இரண்டு ஃபில்டரையும் மாற்றினால் டீசல் பைப்புக்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். வரிசை முக்கியம்:

1. டேங்கில் பத்து லிட்டராவது டீசல் இருக்கட்டும்.
2. முதல் ஃபில்டரின் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும், அடித்துக்கொண்டே இறுக்குங்கள்.
3. இரண்டாவது ஃபில்டரில் இதே போல.
4. டீசல் பம்பின் திருகில் இதே போல.
5. இன்னும் எடுக்கவில்லை என்றால் இரண்டு நாசில் பைப் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்கக் கொடுத்து, செல்ஃபைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மிகாமல் அடியுங்கள். டீசல் துடித்து வந்ததும் நட்டை இறுக்கிவிடுங்கள். அந்த இடத்தில் விரல் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஸ்டார்ட் ஆனதும் வரும் வெண்புகை சூடேறியதும் நின்றுவிட்டால் பழைய எஞ்சினுக்கு அது சகஜம். ஆக்சிலேட்டரை ஏற்றும்போது கரும்புகை என்றால் முதலில் ஏர் கிளீனர் அடைப்பு, பிறகு நாசில். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி பரவாயில்லை. ரயில் எஞ்சின் மாதிரி குப்குப்பென்று தள்ளினால் ரிங், லைனர் தேய்ந்திருக்கிறது. குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, நீரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். அதை மாற்றலாம். ஆனால் ஹெட்டைக் கழற்றியதும் "லைனரையும் பார்த்துவிடலாம்" என்று மெக்கானிக் சொல்வார், செலவு ஏறிக்கொண்டே போகும். முழு எஞ்சின் வேலை செய்து ஏலத்துக்கு விடுவதில் போட்ட காசு வந்து சேராது. எடுப்பவர் தனக்குத் தெரிந்த கடையில் தானே செய்துகொள்வார், அதையே விரும்பவும் செய்வார். மாஸி 1035-இல் இருக்கும் சிம்சன் எஞ்சின் போன்றவற்றுக்கு உதிரிபாகம் எங்கும் கிடைக்கிறது, வேலை தெரிந்தவர்களும் நிறைய. அதனால் அந்த வேலையை அவர் பெரிய சுமையாக நினைப்பதில்லை.

எஞ்சின் ஆயில் மாற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஏலத்துக்கு முதல் நாள் மாற்றிய பளிச்சென்ற ஆயிலைப் பார்த்தால், நீர் கலந்ததை மறைக்கிறார்கள் என்று தோன்றும். ஒரு மாதம் முன்பே 15டபிள்யூ-40 ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பத்துப் பதினைந்து மணி நேரம் வேலை ஓட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கறுத்த, ஆனால் வெளுக்காத ஆயில் எதையும் மறைக்கவில்லை என்று அவருக்கே தெரியும். சத்தம் குறைய எஞ்சினில் கியர் ஆயிலைக் கலக்கும் தந்திரம் எல்லோருக்கும் தெரிந்தது. குச்சியைத் தொட்டு விரலில் தேய்த்தாலே பிடிபடும்.

ஹவர் மீட்டர் ஓடவில்லை என்றால் ஓடவில்லை என்றே எழுதுங்கள். கேபிள் மட்டும் அறுந்திருந்தால் மாற்றலாம். மீட்டரையே மாற்றினால் பழைய மீட்டரின் எண்ணைப் படத்தோடு வையுங்கள். பழைய மெக்கானிக்கல் மீட்டர்கள் எஞ்சின் சுற்றைக் கணக்கிட்டு மணியாகக் காட்டுபவை. குறைந்த வேகத்தில் ஓடினால் கடிகார நேரத்தைவிடக் குறைவாகவே ஏறும். இது தெரிந்தவர்கள் மீட்டரைவிடப் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் டிராலி கொக்கியின் ஓட்டையையும் தான் நம்புவார்கள். கொக்கி ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தால் செங்கலும் மணலும் இழுத்த வண்டி என்று பொருள்.

லிஃப்ட், கிளட்ச், பிரேக், ஸ்டீரிங்

லிஃப்டில் ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி முழு உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் தரைக்கு வந்துவிட்டால் உள்ளே கசிகிறது. எஞ்சின் ஓடும்போது தூக்கி நிறுத்திய நிலையில் மேலும் கீழும் துடித்துக்கொண்டே இருந்தாலும் அதே கசிவுதான். பிஸ்டன் ஓரிங் அல்லது கண்ட்ரோல் வால்வு. தூக்கவே திணறினால் முதலில் ஆயில் அளவையும் ஸ்ட்ரெய்னர் அடைப்பையும் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும். யார்டில் கலப்பை இருக்காது. அதனால் தூக்குவதை வீட்டிலேயே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத்துப் பிடிஓ தண்டைச் சுற்றவிட்டு நிறுத்துவதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

கிளட்ச் பெடலின் வெற்று ஆட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் ஏறத்தாழ ஒரு அங்குலம் இருக்க வேண்டும். ராடைத் திருகிச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். ராடில் மரை தீர்ந்துவிட்டது என்றால் பிளேட் தீர்ந்துவிட்டது.

பிரேக்குக்கு இரண்டு பெடலையும் தாழ்ப்பாளால் சேர்த்து, காய்ந்த தரையில் மெதுவாக ஓட்டி அழுத்துங்கள். இரண்டு பின் சக்கரமும் ஒரே நீளத்துக்குத் தடம் போட்டால் சரி. ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்து ராடைத் தளர்த்திச் சமன்செய்யலாம், லைனிங்கில் ஆயில் ஏறியிருந்தால் மட்டும் ராடைத் திருகிப் பயனில்லை. அந்தத் தாழ்ப்பாள் பல வண்டிகளில் காணாமல் போயிருக்கும். வாங்கி மாட்டுங்கள், யார்டில் ஓட்டிப் பார்ப்பவர் ஒற்றைப் பெடலை மிதித்து வண்டி திரும்பினால் விபத்துதான்.

ஸ்டீரிங் ஆட்டம் என்றால் எல்லோரும் பாக்ஸைக் குறைசொல்வார்கள். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் பெரும்பாலும் கிங் பின் புஷ்ஷிலும் டை ராடு முனையிலும் இருக்கும். புஷ் மாற்றுவது செலவு குறைந்த வேலை, கையில் பிடித்ததும் வித்தியாசம் தெரியும். காசு போட்டால் பலன் கண்ணெதிரே தெரியும் இடம் இது.

மூன்றாவது கியர் இறக்கத்தில் கழன்று விழுகிறதா? சொல்லிவிடுங்கள். அதைச் சரிசெய்ய கியர் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

டயர்

"டயர் எத்தனை பர்சென்ட்?" என்றுதான் தொலைபேசியில் முதலில் கேட்பார்கள். சதவீதத்தைக் கூட்டிச் சொல்வதைவிட, லக்கின் (டயரின் ரப்பர் பல்) நடுவில் ஸ்கேலை நிறுத்தி உயரம் தெரியும்படி நான்கு டயருக்கும் படம் எடுங்கள். 6.00-16 முன் டயர் இரண்டும் மொட்டையாக இருந்தால் மாற்றலாம், அதிகச் செலவில்லை. பின் டயர் ஜோடி, 12.4-28 ஆனாலும் 13.6-28 ஆனாலும், புதிதாகப் போட்டால் அந்தக் காசு முழுதாகத் திரும்பாது. தேய்ந்ததைத் தேய்ந்ததாகவே விடுங்கள். பின் டயரில் நீர் நிரப்பியிருந்தால் ஒரு டயருக்கே 150 லிட்டருக்கு மேல் இருக்கும். லாரிக்காரரிடமும் யார்டிலும் சொல்லுங்கள், அல்லது வடித்துவிடுங்கள். டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போட வேண்டாம், பக்கவாட்டு வெடிப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

பெயிண்ட்

முழுப் பெயிண்ட் அடித்த பழைய வண்டியைக் கண்டால் வாங்குபவர் காந்தத்தையும் டார்ச்சையும் எடுப்பார். எஞ்சின் பிளாக், கியர் பெட்டி, அச்சு ஆகியவற்றின் மேல் புதுப் பெயிண்ட் தெரிந்தால், வெல்டிங்கோ விரிசலோ அடியில் இருக்கிறது என்றே எண்ணுவார். பானட்டையும் மட்கார்டையும் மட்டும் தட்டி நேராக்கி, துருவைத் தேய்த்து, டச்சப் செய்தால் போதும். வெயிலில் வெளிறிய பழைய பெயிண்டை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் பாதி நிறம் திரும்பி வந்துவிடும். எண் தகடு, ஸ்டிக்கர், கம்பெனித் தகடு மேல் ஒரு துளிகூடப் படக்கூடாது. வெல்டிங் செய்த இடம் இருந்தால் பெயிண்ட் அடிக்காமல் திறந்தே விடுங்கள்.

சின்னச் சாமான்களைத் தேடி எடுத்து மாட்டுங்கள்: டாப் லிங்க், செக் செயின், லிஞ்ச் பின், டிராபார், முன் எடைக்கட்டிகள், பிடிஓ மூடி, டூல் பாக்ஸ். டாப் லிங்க் இல்லாத வண்டியைப் பார்த்ததும் "இன்னும் என்னென்ன கழற்றினார்களோ" என்ற எண்ணம்தான் வரும். ரோட்டவேட்டர், கலப்பை நல்ல நிலையில் இருந்தால் வண்டியோடு சேர்க்காமல் தனி லாட்டாக விடுவது நல்லது. வண்டி மட்டும் தேவைப்படுபவர் அவற்றுக்கு விலை வைக்கமாட்டார்.

ஓடாத வண்டி என்றால் மேலே சொன்னதில் முக்கால்வாசி தேவையில்லை. பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி விற்காமல் முழுசாக விடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஃபேன் பெல்ட்டைப் பிடித்தோ வேறு வழியிலோ எஞ்சின் சுற்றுகிறது என்று காட்ட முடிந்தால், சீஸ் ஆகவில்லை என்ற அந்த ஒரு தகவலுக்கே விலை உண்டு.

விவரக் குறிப்பும் படமும்

யார்டுக்காரர் ஒட்டும் தாளில் இரண்டு வரிதான் இருக்கும். நீங்களே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், பானட்டில் ஒட்டச் சொல்லுங்கள். இந்த மாதிரி:

"575 டிஐ, ஒரே உரிமையாளர். பதிவு நடப்பில், கடன் பதிவு நீக்கப்பட்டது. மேட்டு நிலம் மட்டும், கேஜ் வீல் மாட்டியதில்லை. குளிரில் முதல் செல்ஃபில் எடுக்கும். ஹவர் மீட்டர் இரண்டு வருஷமாக ஓடவில்லை. கிளட்ச் பெட்டித் துளையில் எஞ்சின் ஆயில் கசிவு, இரவுக்கு நாலைந்து சொட்டு. மூன்றாவது கியர் இறக்கத்தில் கழலும். முன் கிங் பின் புஷ் புதிது, ரசீது உண்டு."

குறையையும் அளவோடு எழுதியிருப்பதால் மற்ற வரிகளையும் நம்புவார்கள். "குட் கண்டிஷன்" என்ற வார்த்தையை யாரும் படிப்பதுகூட இல்லை.

இணையவழி ஏலம் என்றால் படங்கள் இருபதாவது வேண்டும்: நான்கு பக்கம், நான்கு டயர், எண்கள், மீட்டர், இரண்டு ஆயில் குச்சி, எஞ்சினின் இரு பக்கம், அடிப்பாகம், கசியும் இடங்கள். வீடியோ ஒன்று போதும், ஆனால் வெட்டாமல் இருக்க வேண்டும். கையைச் சைலன்சரில் வைத்துக் குளிர்ந்திருப்பதைக் காட்டி, சாவி திருப்பி, புகையும் மீட்டர்களும் தெரிய ஒன்றரை நிமிடம்.

குறைந்தபட்ச விலை

உள்ளூர் வியாபாரி வீட்டு வாசலில் கொடுப்பதாகச் சொல்லும் விலையிலிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு அவர் 2,20,000 சொல்கிறார். லாரி வாடகை 6,000, யார்டு கமிஷனும் நிறுத்தும் கட்டணமும் சேர்ந்து 7,000 என்றால், 2,33,000-க்குக் கீழே ஏலத்தில் விற்பது நஷ்டம். அதுதான் உங்கள் அடித்தளம். அதற்கு வெகுமேலே வைத்தால் முதல் கேட்பே வராது. ஒருவர் கேட்டால்தான் இன்னொருவர் கேட்பார். கமிஷன் விற்பவரிடமா, வாங்குபவரிடமா, விற்காவிட்டாலும் கட்டணம் உண்டா, கேட்பு குறைவாக நின்றால் "உரிமையாளர் ஒப்புதலுக்கு உட்பட்டு" என்று எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

காலமும் விலையைப் பேசும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டிய குறுவை உழவுக்கும், ஆடிப்பட்டத்துக்கும் முந்தைய வாரங்களில் உழவு வண்டி தேடுபவர்கள் அதிகம். அடைமழைக் காலத்தில் யார்டு சேறாகி, வண்டி அடியில் குனிந்து பார்க்கக்கூட ஆள் வராது.

ஏற்றுவதும் ஏலமும் அதன் பிறகும்

லாரியில் ஏற்றினால் கியரில் போட்டு, கை பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு நான்கு பக்கமும் கட்டை கொடுங்கள். சங்கிலியை முன் அச்சு பீமிலும் பின் டிராபாரிலும் போட வேண்டும். டை ராடில் போட்டு இறுக்கினால் வளைந்துவிடும். கூரை இருந்தால் கழற்றிவிடுங்கள். ஓட்டியே கொண்டு போவதானால் இன்சூரன்ஸும் பதிவும் நடப்பில் இருக்க வேண்டும். யார்டில் நிற்கும்போது டேங்கில் பத்து லிட்டர் டீசல் இருக்கட்டும். பார்ப்பவர்கள் ஆளுக்கொரு முறை ஸ்டார்ட் செய்வார்கள். தீர்ந்துபோய்க் காற்று ஏறினால் உங்கள் முறை வரும்போது வண்டி எடுக்காது.

அணைக்கும் குமிழை இழுக்க வேண்டுமா, எந்த இடத்தில் கியர் நியூட்ரலாக இருக்கும் என்று சாவியோடு ஒரு சீட்டு கட்டிவிடுங்கள். புதியவர் தடுமாறினால் வண்டியின் மேல்தான் பழி வரும். பேட்டரி வயரை இரவில் கழற்றிவைக்கச் சொல்லுங்கள்.

பணம் முழுவதும் கணக்கில் ஏறிய பிறகே வண்டியையும் அசல் ஆர்.சி.யையும் ஒப்படையுங்கள். ஒப்படைப்புச் சீட்டில் தேதியோடு நேரமும் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்குங்கள். விற்றதை, ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள், படிவம் 29-இல் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. அதை வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி பல கை மாறிப் போயிருந்த வழக்கு அது. பரிவாகனில் உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். மாறும் வரை இன்சூரன்ஸை ரத்து செய்யாதீர்கள். ஒரு மாதமாகியும் மாறவில்லை என்றால் ஒப்படைப்புச் சீட்டு நகலோடு ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பி, ரசீதை வண்டியின் பழைய காகிதங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.